விடுப்பரோடு லிஸ்பன் பார்த்த கதை

நடந்து போகிறவனை ஸ்ரொப் பலகை காட்டி நிறுத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் விடுப்பர்.

நான் அப்போது விட்பி என்கிற ஊரில் ஒரு குளிர் வெயர்ஹவுஸிலிருந்து வெளியேறி நடந்துகொண்டிருந்தேன். உறைந்த கோழிப் பெட்டிகளை அடுக்குகிற வேலை. இரண்டு மாரி செய்தேன். அன்று காலை இடைவேளையில் கையுறையைக் கழற்றிப் பார்த்தால் விரல்கள் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. கையுறையை ஒரு பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலால் வந்துவிட்டேன். ஒருவரோடும் சண்டை இல்லை. நான் வேலைகளை விடுவது அப்படித்தான். சாப்பிட்டு முடித்தவன் எழும்புவது போல எழும்பிவிடுவேன்.

அந்தப் பக்கம் புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. நடைபாதை இன்னும் போடவில்லை. பஸ் தரிப்பிடம் எங்கேயோ தூரத்தில். தெருவின் ஒரு பாதியைக் கிண்டிப் போட்டிருந்தார்கள். செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவில் செம்மஞ்சள் மேலங்கியோடு நின்ற ஒருவர், நான் கிட்ட வந்ததும் கையிலிருந்த பலகையை என் மூக்குக்கு நேரே திருப்பினார். ஸ்ரொப்.

நின்றேன். முன்னாலும் பின்னாலும் ஒரு கார் கூட இல்லை.

"ஐசே, இந்த நேரம் நீர் வேலையிலை எல்லோ நிக்கவேணும்? என்ன நடந்தது?"

"விட்டிட்டன் அண்ணை."

"ஆர் விட்டது? நீரோ, அவங்களோ?"

"நான்தான்."

"ஆரும் ஏசிப் பேசினவங்களே?"

"இல்லை."

"அடிபாடு?"

"இல்லை அண்ணை."

"சீ," என்றார் மிகுந்த ஏமாற்றத்தோடு. "ஒரு விடுப்பும் இல்லாமல் ஒரு மனிசன் வேலையை விடுறதே?"

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. உங்களுக்கு விடுப்பு என்றால் லீவு. எங்களுக்கு விடுப்பு என்றால் பக்கத்து வீட்டில் என்ன சத்தம் என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பது. விடுப்புப் பார்ப்பது கூடாத பழக்கம் என்று எல்லோரும் சொல்வோம், சொல்லிவிட்டுப் பார்ப்போம். இவர் சொல்லாமலே பார்த்தார். அதனால் பெயரே விடுப்பர் ஆகிவிட்டது. சொந்தப் பெயர் அவருடைய சாரதி அனுமதிப் பத்திரத்தில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

டோர்செட் பார்க்கில் நாங்கள் இருவரும் ஒரே மாடிக் கட்டடத்தில் இருந்தோம். தீ அலாரம் அடித்தால் மற்றவர்கள் சாரத்தோடும் போர்வையோடும் திட்டித் திட்டிப் படியிறங்குவார்கள். விடுப்பர் சீப்பால் தலை இழுத்து, அயன் பண்ணிய சேட் போட்டுக்கொண்டு இறங்குவார். தீயணைப்பு வண்டி வருவதற்குள் எந்த வீட்டில் எது கருகியது, ஏன் கவனிக்கவில்லை, அந்த நேரம் தொலைபேசியில் யாரோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் அவரிடம் தயாராக இருக்கும். கடைசியில் தீயணைப்புக்காரர்கள் கட்டட முகாமையாளரை விட்டுவிட்டு நேரே இவரிடமே வந்து கேட்கத் தொடங்கினார்கள்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் ஒருநாள் லிப்ற்றுக்குள் என்னிடம் சொன்னார்: "உந்த மனிசனோடை நான் ஒருக்கா நயாகராவுக்குப் போனனான் தம்பி. தண்ணியைக் கண்ணாலையும் காணேல்லை. வழியிலை ஒரு லொறி கவிண்டு தக்காளி கொட்டிக் கிடந்தது. பொழுதுபட மட்டும் தக்காளி பாத்திட்டுத் திரும்பி வந்தனாங்கள்." அதற்குப் பிறகு அக்கா அவரோடு காய்கறிக் கடைக்கு அப்பால் போனதில்லை.

அப்படிப்பட்டவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஒரு வேலை கிடைத்திருந்தது. தெருத் திருத்தும் இடத்தில் பலகை பிடிப்பது. பலகையின் ஒரு பக்கம் ஸ்ரொப், மறு பக்கம் ஸ்லோ. கிண்டிய பகுதியின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். இவர் ஸ்ரொப் காட்டும்போது அவர் ஸ்லோ காட்ட வேண்டும். இரண்டு பேரும் வோக்கி-ரோக்கியில் கதைத்துக்கொள்வார்கள். நாள் முழுக்கத் தெருவில் நின்று போகிறவர் வருகிறவரைப் பார்ப்பதற்குச் சம்பளம்.

"ஆனால் ஒரு குறை ஐசே," என்றார். "மற்ற முனை."

தெரு வளைந்து போனதால் மற்ற முனை அவருக்குத் தெரியாது. அங்கே நின்ற மனிதரோ ஓகே என்ற சொல்லைத் தவிர வேறு சொல்லை வோக்கியில் சொல்லாதவர்.

"போன கிழமை அங்காலை அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. என்னடாப்பா எண்டு கேட்டன். ஓகே எண்டான். அம்புலன்ஸ் என்னெண்டு ஐசே ஓகே ஆகும்? நான் அண்டைக்கு நித்திரை கொள்ளேல்லை." பிறகு கொஞ்சம் ஆறுதலாகச் சொன்னார்: "பரவாயில்லை. அவன் வாற கிழமையோடை வேலையாலை நிக்கிறான். ஒஷாவாவிலை மகள் வீட்டோடை போய் இருக்கப் போறானாம்."

இதற்குள் இரண்டு பக்கமும் கார்கள் வந்து சேர்ந்துவிட்டன. கதை சொல்லும் ஆர்வத்தில் பலகையைத் திருப்ப மறந்துவிட்டார். ஒரு பெண் ஹோர்ன் அடித்தாள். விடுப்பர் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்து ஸ்லோவைக் காட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அப்ப, இனி என்ன செய்யப் போறீர்?"

"எட்மன்ரனுக்குப் போறன். அங்கை ஒருத்தன் வரச் சொல்லியிருக்கிறான்."

"என்ன வேலை?"

"தெரியேல்லை."

"எத்தினை நாளைக்கு?"

"தெரியேல்லை அண்ணை."

எனக்கு அது புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அல்லது போரில் இடம்பெயர்ந்து போன பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குப் பிறகு எங்கேயும் நிலையாக இருந்ததில்லை. பேக்கரி, மீன் கம்பனி, ஹோட்டல் குசினி, கார் கழுவுமிடம், ஒரு முறை சவச்சாலையில் நிலம் துடைப்பது. என் கட்டிலுக்குக் கீழே எப்போதும் ஒரு பை கட்டியபடியே இருக்கும். அதை அவிழ்த்து அடுக்கினால் ஏதோ ஒன்று பிழைத்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

"எட்மன்ரன் எங்கையும் ஓடாது," என்றார் விடுப்பர். "எனக்கு வாற கிழமை லீவு. லிஸ்பனுக்குப் போறன். அக்கா வரமாட்டாவாம், தக்காளியை இன்னும் மறக்கேல்லை. நீர் வாரும். லிஸ்பனைப் பாத்திட்டுப் பேந்து எட்மன்ரனைப் பாரும்."

"நான் ஐரோப்பா பாத்தனான் அண்ணை."

"என்னத்தைப் பாத்தனீர்?"

யோசித்தேன். லொறியை மூடிய படங்கின் ஓட்டையால் ஒரு பெற்றோல் நிலையம் பார்த்திருக்கிறேன். ஒரு நகரத்தில் எல்லை கடத்திவிடுகிற ஏஜென்ற் எங்களைப் பூட்டி வைத்திருந்த வீட்டில் யன்னல்கள் முழுக்கப் பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாளில் ஒரு குளிர்சாதனப் பெட்டி விளம்பரம் பார்த்திருக்கிறேன். இன்னொரு நாட்டைக் காரின் டிக்கிக்குள் படுத்துக் கடந்தேன். அந்த நாடு எந்த நாடு என்பதில் எனக்கும் என்னோடு படுத்து வந்தவனுக்கும் இன்றைக்கும் கருத்து வேற்றுமை.

"பெரிசா ஒண்டும் இல்லை," என்றேன்.

"பாத்தீரே!" என்று பலகையைத் தரையில் ஊன்றினார். விஷயம் முடிந்துவிட்டது.

ஏன் லிஸ்பன்? அது கப்பித்தானால் வந்தது. கப்பித்தான் என்பது அவர்களுடைய மேற்பார்வையாளர், போர்த்துக்கேயர். ஒருநாள் மத்தியானம் அவர் தன்னுடைய லொறிக்குள் இருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஏதோ திருத்த வேலை. விடுப்பர் வழக்கம் போலக் கூம்பு அடுக்குகிற சாட்டில் கிட்டப் போய்க் காது கொடுத்தார். கொடுத்த காது அப்படியே விறைத்துப் போனது. மனிதர் குசினி என்கிறார். யன்னல் என்கிறார். மேசை, கதிரை, அலுமாரி என்கிறார். எல்லாம் எங்கள் ஊர் வீட்டுச் சொற்கள்.

விடுப்பருக்கு ஒரு முடிவுதான் தெரிந்தது. கப்பித்தான் எங்கள் ஆள். பெயரை மாற்றி, மீசையை வெட்டி, வெள்ளைக்காரன் போல ஒளித்திருக்கிறார். ஒரு கிழமையாக அவரைப் பின்தொடர்ந்து நோட்டம் பார்த்துவிட்டு, ஒருநாள் தனியாகப் பிடித்து மெல்லிய குரலில் தமிழிலேயே கேட்டாராம்: "அண்ணை, பயப்பிடாதையுங்கோ. எந்த ஊர்?"

ஊர் என்பதை மனிதர் எப்படி விளங்கிக்கொண்டாரோ, "லிஸ்போவா" என்றார்.

"அது பருத்தித்துறைக்கு அங்காலையோ?"

போர்த்துக்கேயர் முன்னொரு காலத்தில் எங்கள் ஊரை ஆண்டார்கள், அந்தச் சொற்கள் அவர்கள் விட்டுப் போனவை என்று கப்பித்தான் பிறகு விளங்கப்படுத்தினார். விடுப்பர் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்கடை வீட்டுக்குள்ளை கிடந்த சாமான் எங்கடைதானே? உவங்கள்தான் போகேக்கை களவெடுத்துக்கொண்டு போனவங்கள். கதிரையைத் தூக்கினால் பரவாயில்லை ஐசே, கதிரை எண்ட சொல்லையும் எல்லே தூக்கியிருக்கிறாங்கள்!" அந்தக் களவுச் சாமான்கள் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று நேரில் போய்ப் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

லிஸ்பன் எயாப்போட்டில் நான் வரிசையில் நின்று பாஸ்போட்டைத் திறந்து திறந்து பார்த்தேன். குடியுரிமை கிடைத்தபோது எடுத்த பாஸ்போட், ஒரு முத்திரையும் படாமல் புதிதாக இருந்தது. என் சொந்தப் பெயரில், நிமிர்ந்து நின்று ஐரோப்பாவுக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் நான் ஒரு மொரிசியஸ்காரனாகவும், ஒரு மலேசிய மாணவனாகவும், ஒரு முறை பழப் பெட்டியாகவும் நுழைந்திருக்கிறேன்.

அதிகாரி என்ன நோக்கம் என்று கேட்டார். நான் பாஸ்போட்டை மட்டும் நீட்டினேன். பின்னால் நின்ற விடுப்பர் என் தோளுக்கு மேலால் தலையை நீட்டினார்.

"ஜஸ்ற் லுக்கிங்," என்றார். பிறகு என்னிடம், "சும்மா பாக்க வந்தனாங்கள் எண்டு சொல்லும், ஐசே. அதுக்கென்ன வெக்கம்?"

அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். தமிழ்நாட்டு விடுப்பும் யாழ்ப்பாணத்து விடுப்பும் ஒன்றானது அந்த இடத்தில்தான்.

விடுதி ஒரு மேட்டுத் தெருவில், நாலாம் மாடியில். விடுப்பரின் வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் நடத்தினார். அறையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தன் மொழியில் பெயர் சொன்னார். விடுப்பர் பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பிச் சொன்னார். மேசை. கதிரை. அலுமாரி. அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோசம். இவ்வளவு வேகமாகப் போர்த்துக்கேய மொழி படிக்கிற ஆட்களை அவர் கண்டதில்லை. விடுப்பருக்கும் ஒரே சந்தோசம். களவுபோன சாமான்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

கடைசியாக அந்தப் பெண் "ஜனெலா" என்று சொல்லி யன்னலைத் தள்ளித் திறந்தார். வெயிலும் சத்தமும் ஒன்றாக உள்ளே விழுந்தன. கீழே மஞ்சள் டிராம் மணி அடித்துக்கொண்டு ஏறியது. எதிர் வீட்டுக் கொடியில் உடுப்புக் காய்ந்தது. யாரோ மீன் வாட்டினார்கள். தூரத்தில் கூரைகளுக்கு அப்பால் ஆறு.

நான் கட்டிலின் மறு ஓரத்தில், சுவரோடு சாய்ந்து இருந்தேன்.

"ஏன் ஐசே குசுகுசுக்கிறீர்?" என்று கேட்டார் விடுப்பர், அந்தப் பெண் போன பிறகு.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அறைக்குள் வந்ததிலிருந்து நான் மெல்லத்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். சப்பாத்தைக் கழற்றி, ஓடுவதற்கு வசதியாக, வாசலைப் பார்த்து வைத்திருந்தேன். பூட்டிக் கிடந்த வீட்டின் பழக்கம். வெளியே சத்தம் கேட்டால் ஏஜென்ற் அடிப்பான். அதைச் சொன்னேன்.

விடுப்பர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்ட ஒரே கதை அதுவாகத்தான் இருக்கும். ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் யன்னலோடு போட்டார். பக்கத்தில் இன்னொன்று போட்டார். "இஞ்சை வந்து இரும். எதிர் வீட்டிலை ஏதோ பிரச்சினை போலை கிடக்கு. தாய்க்கும் மகளுக்கும்."

பொழுதுபடும் வரை இருந்து பார்த்தோம். பிரச்சினை ஒரு மஞ்சள் சட்டை பற்றியது. லிஸ்பனில் கோட்டை இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, பெரிய பெரிய தேவாலயங்கள் இருக்கின்றன. இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் பார்த்தது அந்த மஞ்சள் சட்டையை. மகள் வென்றாள்.

இரவு சாப்பாட்டுக்குத் தெரு மூலையில் ஒரு சின்னக் கடை. வாட்டிய மீன் வந்தது. பாண், அதாவது பிரெட், கேட்டால் பாணே வந்தது. விடுப்பர் ஒரு அரசனைப் போல இருந்தார். மீன் முள்ளைப் போட ஒரு தட்டு வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் சாப்பிடுகிற தட்டைக் கோப்பை என்போம். விடுப்பர் பரிமாறுகிற பெடியனைக் கூப்பிட்டு "கோப்பை" என்றார்.

"கோப்பு?" என்றான் அவன்.

"ஓமோம். கோப்பை."

அவன் ஒரு கிளாஸில் சிவப்பு வைன் கொண்டுவந்து வைத்தான். அவர்கள் மொழியில் கோப்பு என்றால் அதுதானாம். விடுப்பர் அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துக் குடியை விட்டவர். ஆனால் அன்பாகக் கொண்டுவந்ததைத் திருப்பினால் பெடியன் மனம் நோகும் என்று குடித்தார். பிறகு, இரண்டு கையாலும் வட்டமாகக் காட்டி, "பெரிய கோப்பை" என்றார். பெரிய கிளாஸ் வந்தது. மூன்றாவது தடவை தட்டையாகக் கையை விரித்து முள்ளையும் தூக்கிக் காட்டினார். பெடியன் விளங்கிக்கொண்டு, மீனுக்குப் பொருத்தமான வெள்ளை வைன் கொண்டுவந்தான்.

"முள்ளு வைக்க இன்னும் இடமில்லை ஐசே," என்றார் விடுப்பர், கதிரையில் நன்றாகச் சாய்ந்து. "ஆனால் இப்ப அது ஒரு பிரச்சினையாத் தெரியேல்லை."

நான் இந்தப் பயணத்துக்கு நன்றி சொல்வது மறுநாள் நடந்த ஒன்றுக்காக.

மத்தியானம் அதே கடை வாசலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். சாமான் இறக்க வந்த வான் ஒன்று தண்டவாளத்தில் சில்லை ஏற்றி நிறுத்தியிருந்தது. சாரதியைக் காணவில்லை. மேலேயிருந்து டிராம் வந்தது. மணி அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. அதற்குப் பின்னால் கார்கள், கீழேயிருந்து டாக்சிகள். யன்னல்கள் எல்லாம் திறந்தன. எல்லோரும் கையை ஆட்டிக் கத்தினார்கள். விடுப்பரின் முகத்தைப் பார்த்தேன். தக்காளி கொட்டிய அன்று அது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் அவருடைய முகம் மாறியது. வேலைக்காரனின் முகம். வானைச் சுற்றி ஒரு ஒழுங்கை, ஒடுக்கமான பக்கச் சந்து, வளைந்து போனது. ஒரு நேரத்தில் ஒரு கார் போகலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாக உள்ளிட்டு நடுவில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

விடுப்பர் எழும்பி நின்று கடையைப் பார்த்துக் கத்தினார்: "துவாய்! துவாய்!"

நேற்றைய பெடியன் ஒரு கணம் யோசிக்கவில்லை. இரண்டு மேசை விரிப்புகளை உருவிக்கொண்டு ஓடி வந்தான். துவாலைக்கும் மேசை விரிப்புக்கும் அவர்களிடமும் துவாய் மாதிரித்தான் ஏதோ ஒரு சொல்.

"கீழ் முனைக்குப் போம் ஐசே! விரிச்சுப் பிடிச்சால் நில். சுருட்டிப் பிடிச்சால் வா. நான் சொல்லுற மாதிரிச் செய்யும்."

போனேன். மேசை விரிப்பை விரித்துப் பிடித்தேன். முதலாவது டாக்சி என் முழங்காலுக்குக் கிட்ட வந்து நின்றது. நின்றது! ஐரோப்பாவில் எனக்காக ஒரு வாகனம் நின்றது அதுதான் முதல் தடவை. ஒழுங்கையின் வளைவால் எனக்கு விடுப்பரைத் தெரியாது. குரல் மட்டும் வந்தது.

"விடும் ஐசே!"

சுருட்டினேன். டாக்சிகள் ஏறின.

"நிப்பாட்டும்!"

விரித்தேன். மேலேயிருந்து கார்கள் இறங்கின. சனங்கள் யன்னல்களில் கை தட்டினார்கள். இடையில் விடுப்பரின் குரல் மறுபடி வந்தது.

"அங்காலை என்ன நடக்குது?"

"ஒரு மனிசி யன்னலாலை வாளியோடை நிக்குது, அண்ணை! வான்காரன் வந்தால் ஊத்தப் போகுது போலை!"

"பேந்து?"

"டாக்சிக்குள்ளை ஒரு மாப்பிள்ளை! கோட் சூட்டோடை அழுகிறான்! கலியாணத்துக்குப் பிந்திப் போச்சாக்கும்!"

"அவனை முதல் விடும்! அவனை விடும், ஐசே!"

விட்டேன்.

அப்போது கீழே மூலையில் ஒரு பொலிஸ்காரர் திரும்பினார். நேரே என்னை நோக்கி நடந்து வந்தார்.

என் பக்கத்தில் படிக்கட்டு ஒன்று வீடுகளுக்கு நடுவால் இறங்கிப் போனது. அதை நான் முன்னமே பார்த்து வைத்திருந்தேன். எந்த ஊரில் நின்றாலும் ஓடுகிற வழியைத்தான் என் கண் முதலில் பார்க்கும். பாஸ்போட் சட்டைப் பைக்குள் இருந்தது. ஆனால் காலுக்குப் பாஸ்போட் தெரியாது. இடது கால் ஏற்கனவே முதல் படியில் இருந்தது.

"அண்ணை! பொலிஸ்!"

"வரட்டும்!" என்று குரல் வந்தது. "உம்மடை முனையை விடாதையும்!"

அந்தக் காலை நான் எப்படித் திருப்பி எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எடுத்தேன். மேசை விரிப்பை இன்னும் அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொலிஸ்காரர் வந்தார். என்னைப் பார்த்தார். விரிப்பைப் பார்த்தார், அதில் நேற்றைய சிவப்பு வைன் கறை கொஞ்சம் இருந்தது. என்னவோ கேட்டார், எனக்கு விளங்கவில்லை. அந்த நேரம் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் என் விரிப்பை மதிக்காமல் பக்கத்தால் நுழையப் பார்த்தான். பொலிஸ்காரர் கையை நீட்டி அவனை மறித்து, விரலால் என்னுடைய விரிப்பைக் காட்டினார். பிறகு என் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

என் வாழ்க்கையில் பொலிஸ்காரர்கள் எல்லோரும் எனக்குப் பின்னால்தான் வந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் நின்றது அன்றைக்குத்தான்.

வான்காரன் வந்தான். வாளித் தண்ணீர் குறி தப்பாமல் விழுந்தது. டிராம் எங்களைக் கடக்கும்போது சாரதி நீளமாக ஒரு மணி அடித்தார். பொலிஸ்காரர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். நான் விரிப்பை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒழுங்கையால் ஏறி வந்தேன். விடுப்பர் என்னைக் கண்டதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மாப்பிள்ளை இறங்கி ஓடினவனோ, டாக்சியிலேயே போனவனோ?"

கடைக்காரன் கோப்பிக்குக் காசு வாங்கவில்லை.

கடைசி நாள் விடுப்பர் என்னை ஒரு சப்பாத்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "சப்பாத்து" என்றார். "சப்பாத்து" என்று கடைக்காரியும் அப்படியே, எங்கள் ஊர்க்காரி மாதிரியே சொன்னாள். என் காலை அளக்கச் சொன்னார்.

"எனக்கு வேண்டாம் அண்ணை."

"வாங்கச் சொன்னனானே? சும்மா பாப்பம்."

அளவைக் கேட்டு இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தார். இதுவும் ஒரு விடுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் விமானத்தில் அவர் யன்னல் பக்கம் இருந்து அத்திலாந்திக் முழுவதும் முகிலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் சொன்னேன்: "அண்ணை, நாளைக்குப் பின்னேரம் எனக்கு எட்மன்ரனுக்கு பிளேன். உங்களுக்குப் பெரிய நன்றி."

விடுப்பர் திரும்பவில்லை.

"ஓகே," என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இறங்கி வீட்டுக்கு வெளிக்கிட்டோம். நெடுஞ்சாலையில் ஒரு விபத்தைக் கடந்தோம். அதைக் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியக் கட்டிலுக்குக் கீழே இருந்து பையை இழுத்து வெளியே வைத்தேன். கதவு தட்டியது. விடுப்பர் நின்றார். ஒரு கையில் செம்மஞ்சள் மேலங்கி, மறு கையில் இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்துப் பெட்டி.

"போட்டுப் பாரும்," என்றார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "லிஸ்பனிலை இருந்தே அக்காவுக்கு அளவு சொன்னனான். அவதான் வாங்கி வைச்சவ."

போட்டேன். அளவாக இருந்தது.

"பிளேன் பின்னேரம்தானே? அது வரைக்கும் சும்மாதானே இருக்கப் போறீர். கப்பித்தானுக்குச் சொல்லிப்போட்டன். வந்து நிண்டு பாரும். பிடிக்காட்டி அங்கை இருந்தே போம். பையையும் கொண்டு வாரும், நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

பையையும் கொண்டுபோனேன். அது கப்பித்தானின் லொறிக்குள் இருந்தது. கப்பித்தான் பலகை பிடிக்கும் முறைகளை எல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தார். காருக்கு நேரே நிற்காதே, சாரதியின் கண்ணைப் பார், உன் முனையை விட்டு ஒருபோதும் அசையாதே. கடைசியை எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை என்றேன்.

வளைவுக்கு அப்பால், ஓகேக்காரர் நின்ற முனையில், கொண்டுபோய் என்னை விட்டார்கள். ஒரு பக்கம் பாதி கட்டிய வீடுகள், ஒரு பக்கம் சேற்று வெளி. கையில் பலகை, தோளில் வோக்கி. முதல் கார் வந்து நின்ற கையோடு வோக்கி கரகரத்தது.

"ஐசே. அங்காலை என்ன நடக்குது?"

பார்த்தேன். ஒரு பள்ளிக்கூட பஸ் வந்துகொண்டிருந்தது. பாதி கட்டிய வீட்டுக் கூரையில் இருவர் ஆணி அடிப்பதை விட்டுவிட்டு ஏதோ வாக்குவாதம் செய்தார்கள். ஒரு பெண் காருக்குள் இருந்து கண்ணாடியைப் பார்த்து யாருக்கோ சொல்லப் போவதைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஓகே என்றும் சொல்லியிருக்கலாம்.

பலகையை ஸ்ரொப் பக்கம் திருப்பி, காலை அகட்டி நன்றாக ஊன்றிக்கொண்டேன்.

"சொல்லுறன் அண்ணை," என்றேன். "வடிவாக் கேளுங்கோ."